சாப்பாட்டு வேளையில் நின்ற சத்தம்

குதிப்பதற்கும் தட்டுவதற்கும் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் உலகத்தில் எத்தனை பேரோ, சுத்தியல் அவர்களில் ஒருவன். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சம்பளம் போடுகிறவர்களைத் தவிர யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எந்நேரமும் கையில் ஒரு ரப்பர் சுத்தியலோடு திரிகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

அவன் வேலை பார்க்கும் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. பெரிய புல்வெளியில் 'ட' என்ற எழுத்தைப் படுக்கப் போட்ட மாதிரி இரண்டு இரும்புக் குழாய்கள், ஒவ்வொன்றும் சில கிலோமீட்டர் நீளம். உள்ளே காற்று ஒரு பொட்டுகூடக் கிடையாது. மூலைக் கட்டடத்தில் லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு குழாயில் அனுப்புவார்கள். கோடியில் தொங்கும் கண்ணாடியில் பட்டு இரண்டும் திரும்பி வரும். இரண்டும் ஒரே தூரம் போய் வந்தனவா என்று பார்ப்பதுதான் மொத்த வேலையும்.

இதிலென்ன இருக்கிறது என்று கேட்கலாம். எண்ணிப் பார்க்க முடியாத தொலைவில் இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வந்து முட்டிக்கொண்டால், அண்டமே ஒரு சிலிர்ப்பு சிலிர்க்கும். அதற்குப் பெயர் ஈர்ப்பலை. அது நம்மைக் கடந்து போகும்போது ஒரு குழாய் இம்மி நீளும், மற்றது இம்மி சுருங்கும். இம்மி என்பதே இங்கே பெரிய வார்த்தை. அணுவுக்கு நடுவில் இருக்கும் புரோட்டானை ஆயிரம் துண்டாக்கினால், அதில் ஒரு துண்டைவிடக் குறைவு. அதைப் பிடித்துவிடுவோம் என்று படித்த மனிதர்கள் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கியிருந்தார்கள்.

முதலில் கட்டிய கருவி பல வருஷம் ஓடியது. ஒன்றும் கேட்கவில்லை. அசந்துவிடாமல் அதைப் பிரித்துப் போட்டு, கம்பியில் தொங்கிய கண்ணாடிகளை எடுத்துவிட்டு, இன்னும் கனமான கண்ணாடிகளை மெல்லிய கண்ணாடி இழைகளில் தொங்கவிட்டார்கள். ஊஞ்சலுக்குக் கீழே ஊஞ்சல், அதற்குக் கீழே ஊஞ்சல் என்று அடுக்கடுக்காக ஒரு அமைப்பு. தரை ஆடினாலும் கடைசி ஊஞ்சலில் இருக்கும் கண்ணாடிக்கு ஆட்டம் போய்ச் சேரக்கூடாது.

சுத்தியல் அங்கே சேர்ந்தது காற்றை உறிஞ்சும் பம்புகளைப் பார்த்துக்கொள்ள. அதற்கு முன் அக்காவின் சலவைக்கூடத்தில் மெஷின் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான். சத்தம் என்றாலே முகம் சுளிக்கிற ஆளால் சலவைக்கூடத்தில் எத்தனை நாள் தள்ள முடியும்? நிலையத்தின் அமைதி அவனுக்கு அப்படிப் பிடித்துப்போயிற்று.

அங்கே இன்னொரு வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. கருவிக்குள் புகுந்து தொல்லை கொடுக்கும் அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சாமானாகத் தட்டவேண்டும், பக்கத்தில் நின்று குதிக்கவேண்டும். இன்னொருவர் திரையைப் பார்த்துச் சொல்லவேண்டும். "இப்ப?" "இல்ல." "இப்ப?" "இல்ல." "இப்ப?" "ஆ, அதுதான்! இன்னொரு தடவை!" ஆராய்ச்சி மாணவர்கள் இரண்டே நாளில் சலித்துப்போய்க் கழன்றுகொண்டார்கள். சுத்தியலுக்குச் சலிக்கவில்லை. சத்தத்தை அவன் ஜன்ம விரோதியாக நினைத்தான், விரோதியைத் தேடிப் பிடிப்பதில் ஒரு சுகம் இருந்தது.

கொடிக்கம்பத்துக் கயிறு காற்றில் அடித்துக்கொள்வதைப் பிடித்தான். டீ போடும் அறையின் ஃப்ரிட்ஜைப் பிடித்தான். மேடத்தின் அறையில் ஓடிய மின்விசிறியையும் பிடித்தான். மேடம் என்றால் நிலையத்தின் தலைமை விஞ்ஞானி. அவர் மறுபேச்சுப் பேசாமல் விசிறியைக் கழற்றச் சொல்லிவிட்டு, கோடைக்காலம் முழுவதும் ஒரு கோப்பால் விசிறிக்கொண்டே வேலை பார்த்தார். "சத்தம் யாருடையதுன்னு பாக்காதீங்க. எங்க இருந்து வருதுன்னு மட்டும் பாருங்க" என்றார். சுத்தியல் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான்.

அடுத்ததாக அவன் பிடித்தது சாலையோரத்து மரமறுக்கும் பட்டறை. குழாயைச் சுற்றிக் குறிப்பிட்ட எல்லைக்குள் நிலத்தை அதிர வைக்கும் மெஷின் எதுவும் ஓடக்கூடாது என்று நகராட்சியோடு நிலையத்துக்கு ஓர் ஒப்பந்தம் உண்டு. சுத்தியலின் அறிக்கை போனது, பட்டறை மூடப்பட்டது. அதை நடத்திவந்த மரக்கடைக்காரர் வேறு ஊருக்குப் போய்ப் பிழைப்பை முதலிலிருந்து தொடங்கினார். எப்போதாவது இந்த ஊருக்கு வந்து கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சுத்தியலுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

இதெல்லாம் தெரிந்திருந்தும், அக்காவின் சலவைக்கூடம் குழாயின் கோடிக் கட்டடத்துக்குக் கூப்பிடு தூரத்துக்கு இடம் மாறியபோது அவனுக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. சின்ன மெஷின்களால் ஒன்றும் ஆகாது என்று அவனே அளந்து பார்த்துச் சொல்லியிருந்தான். மதியம் சைக்கிளை எடுத்தால் அக்கா வீட்டுச் சாப்பாடு. பெரிய மெஷின் அப்புறம்தான் வந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளையெல்லாம் துவைக்கும் வேலை அக்காவுக்குக் கிடைத்தது. வேலைக்கு ஆறு பெண்கள் சேர்ந்தார்கள். மூலையில் ஓர் ஆள் உள்ளே நிற்கிற அளவுக்குத் தொட்டி கொண்ட பிழியும் மெஷின் ஒன்று வந்து இறங்கியது.

சுத்தியல் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். "பரவாயில்லையே அக்கா, பூனை மாதிரி இருக்கே!" என்றான். இருக்காதா பின்னே, நின்றுகொண்டிருந்த மெஷின்தானே. "சாப்பாட்டு நேரம்டா, பிள்ளைங்களும் ஒரு வாய் சாப்பிடட்டும்னு நிறுத்தி வெச்சிருக்கேன்" என்றாள் அக்கா. இருந்தாலும் கடமை என்று ஒன்று உண்டே. மறுநாள் சாப்பிட வந்தபோது நில அதிர்வு அளக்கும் பெட்டியைக் கொண்டுவந்து கொல்லையில் வைத்தான். சாப்பிட்டான், கை கழுவினான், பெட்டியைப் பார்த்தான். கம்மென்று இருந்தது. மெஷின் அன்றைக்கும் நின்றுகொண்டிருந்தது என்பது அக்கா சாப்பாட்டின் ருசியில் அவனுக்கு உறைக்கவே இல்லை. ஊர் வரைபடத்தில் சலவைக்கூடத்தின் மேல், தொல்லை இல்லை என்று ஒரு பச்சைப் புள்ளி வைத்துவிட்டு நிம்மதியாகத் திரும்பினான்.

கொஞ்ச நாளில் கருவியின் வரைபடத்தில் ஒரு கொழுத்த மேடு முளைத்தது. நொடிக்குப் பன்னிரண்டு தடவை ஆடும் ஏதோ ஒன்று. காலையில் வரும், சாயங்காலம் போகும், லீவு நாளில் தலைகாட்டாது. கண்ணாடிகள் என்னவோ ஊஞ்சலில் பத்திரமாகத்தான் இருந்தன. ஆனால் லேசரிலிருந்து சிதறிய கொஞ்சம் ஒளி கோடியில் குழாயின் சுவரைத் தொட்டு, சுவரின் ஆட்டத்தையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்து எல்லாவற்றையும் குழப்பியது. அதைச் சரிசெய்யக் குழாயைத் திறந்தால் மறுபடி காற்றை எடுக்க மாதக்கணக்காகும். கருவியை நிறுத்தாமல் ஓடவிட்டு ஈர்ப்பலைக்குக் காத்திருக்கும் கேட்கும் பருவம் தொடங்க இருந்தது. தொலைதூரத்து இன்னொரு நிலையமும் அதே நாளில் காதைத் திறக்கப் போகிறது. மேடு இருக்கும் வரை இங்கே அந்தத் தாழ்ந்த சுருதி முழுக்கச் செவிடு.

சுத்தியல் தேடாத இடமில்லை. தண்ணீர்த் தொட்டி, கல்குவாரி, பாலத்தின் இணைப்பு, பால்பண்ணை என்று எல்லாவற்றையும் ஒரு கை பார்த்தான். மாடுகள் அவனை மிரண்டு பார்த்ததுதான் மிச்சம்.

கடைசியில் துப்பு கொடுத்தவள் கோடு என்ற ஆராய்ச்சிப் பெண். திரையில் ஓடும் கோடுகளை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். "இதப் பாருங்கண்ணே. தினமும் மத்தியானம் மேடு காணாமப் போகுது. சரியா நீங்க சாப்பிடக் கிளம்பிப் போய்ச் சேர்ற நேரம். நீங்க திரும்பி வந்ததும் அதுவும் வந்துடுது."

கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"நானா?" என்றான் சுத்தியல்.

அவனுடைய சைக்கிளைச் சோதித்தார்கள். செருப்பைச் சோதித்தார்கள். பையில் இருந்த சுத்தியல்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் அடுக்கினார்கள். அடுத்த நாள் மதியம் சாப்பிடப் போகாமல் நாற்காலியில் ஆடாமல் அசையாமல் உட்காரவேண்டும் என்று மேடம் உத்தரவு போட்டார். உட்கார்ந்தான். வயிறு இரைந்தது. அந்தச் சத்தம்கூட வரைபடத்தில் ஏறிவிடுமோ என்று கோடு சீண்டினாள். மேடு மட்டும் அன்றைக்கு இறங்கவே இல்லை, மதியம் முழுவதும் கொழுக்மொழுக்கென்று நின்றது.

"அண்ணே, சத்தம் நீங்க இல்ல. நீங்க போனாத்தான் சத்தம் நிக்குது!" என்றாள் கோடு. அறையே விழுந்து விழுந்து சிரித்தது. "அப்ப இவரை நாள் முழுக்கச் சாப்பிட அனுப்பிடலாம்" என்றார் மேடம். சுத்தியலும் சேர்ந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்து சைக்கிளில் கை வைத்தபோது அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் போகும் இடம் என்று ஒன்று இருக்கிறதே!

சைக்கிளை விட்டுவிட்டு நடந்தே போனான். வழக்கமான நேரம் இல்லை என்பதால் யாரும் எதிர்பார்க்கவில்லை. சலவைக்கூடத்தின் பின்சுவரில் உள்ளங்கையை வைத்தான். சுவர் கிடுகிடுவென்று ஆடியது. மற்ற இடமாக இருந்தால் கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று துள்ளியிருப்பான். இங்கே சுட்டுவிட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டான்.

முன்பக்கம் வந்ததும் ஒரு பெண் அவனைப் பார்த்துவிட்டாள். "அக்கா, தம்பி வந்துட்டாரு, தம்பி வந்துட்டாரு!" என்று கத்தினாள். அவ்வளவுதான், மெஷின் முனகிக்கொண்டே அடங்கியது. அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு சிரித்த முகமாக வந்தாள்.

"என்னடா இந்நேரத்துல? மத்தியானம் வரல, தட்டு போட்டு வெச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"ஏன்க்கா மெஷினை நிறுத்தின?"

"நீ வந்தா நிறுத்தறதுதானே, என்ன புதுசா கேக்கற?"

"எப்பவுமா?"

"பின்ன? சின்னப் பிள்ளையிலேர்ந்து சத்தம்னா காதைப் பொத்திக்கிட்டு ஓடுவ. நாள் பூரா அங்க காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்க. சாப்பிடற நேரமாவது என் தம்பிக்கு நிம்மதி இருக்கட்டும்னுதான்."

இவ்வளவு நாள் சுத்தியல் ஊரெல்லாம் தேடிய விரோதியை, இவன் வரும்போதெல்லாம் அக்கா வாயைப் பொத்தி உட்கார வைத்திருக்கிறாள். அதுவும் பாசத்தினால். உட்கார்ந்து, மேட்டைப் பற்றியும் ஒப்பந்தத்தைப் பற்றியும் ஒன்றுவிடாமல் சொன்னான்.

அக்காவின் சிரிப்பு மெல்ல மெல்லக் காணாமல் போனது. "மரக்கடைக்காரருக்கு ஆன மாதிரியா?"

"ஆமாக்கா."

"ஆறு பொண்ணுங்க இங்க வேலை பாக்கறாங்கடா. விரிப்பு போகலன்னா ஆஸ்பத்திரி நாளைக்கே வேற ஆளைப் பிடிக்கும். எங்கேயோ ஆகாசத்துல ரெண்டு நட்சத்திரம் முட்டிக்கறது உங்களுக்குக் கேக்கணும்னு நான் கடையைச் சாத்தணுமா?"

"தெரியலக்கா."

"தெரியலயா? பெரிய வேலைக்காரன்! நீ சொல்லலன்னா யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னதற்காகத் தன் மேலேயே கோபப்பட்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, மூடிவைத்திருந்த தட்டை அவன் முன்னால் ஓசைப்படாமல் வைத்தாள். அவனால் ஒரு வாய்கூட எடுக்க முடியவில்லை.

கோடைக்காலம் முழுவதும் கோப்பால் விசிறிக்கொண்ட மேடமும், முகத்தைத் திருப்பிக்கொண்ட மரக்கடைக்காரரும் அன்று இரவெல்லாம் மாறி மாறி அவன் கண்ணுக்குள் வந்தார்கள். மரக்கடைக்காரரிடம் கண்டிப்பு, அக்காவிடம் கண்டும் காணாமல் என்றால், அப்புறம் அந்தச் சுத்தியலைக் கையில் பிடிக்க முடியுமா? காலையில் முதல் வேலையாக மேடத்தின் கதவைத் தட்டினான்.

"மேடம், அந்தச் சத்தம் எங்க அக்கா."

மேடத்துக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் அவர் சிரிக்கவில்லை. "வாங்க, போய்ப் பாக்கலாம்" என்று கோடுவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

பெரிய மனுஷி ஒருவர் வருவதைப் பார்த்ததும் பெண்கள் மரியாதையாக மெஷினை நிறுத்திவிட்டார்கள். "தயவுசெஞ்சு ஓட்டுங்க" என்றார் மேடம். ஓட்டினார்கள். அலமாரியில் இருந்த கோப்பைகள் கிணுகிணுத்தன, ஜன்னல் கண்ணாடி பாடியது. அக்கா கையைக் கட்டிக்கொண்டு, என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள் என்கிற மாதிரி நின்றாள். மேடம் அவளிடம் நேராகவே சொன்னார். "பருவம் தொடங்கறதுக்குள்ள இது அடங்கணும். அடங்கலன்னா நான் நகராட்சிக்கு எழுதித்தான் ஆகணும். உங்க தம்பி என்கிட்ட வந்து சொன்னாரு, மறைக்கல. அதனால அதுக்கு முன்னாடி ஒரு முயற்சி பண்ணிப் பாக்க எனக்கும் கடமை இருக்கு."

கண்ணாடிக்குத் தரையின் ஆட்டம் போகாமல் தடுக்கத் தெரிந்தவர்களுக்கு, மெஷினின் ஆட்டம் தரைக்குப் போகாமல் தடுக்கத் தெரியாதா? அதே வித்தைதான், தலைகீழாக. முதல் கருவியைப் பிரித்தபோது கழற்றிப் போட்ட ஸ்பிரிங்குகள் கொட்டகையில் சும்மா கிடந்தன. கோடு கணக்குப் போட்டாள், சுத்தியல் மெஷினைத் தூக்கி அவற்றின் மேல் உட்கார வைத்தான்.

முதல் ஓட்டம் சிரிப்பாய்ச் சிரித்தது. வேகம் ஏற ஏற மெஷின் ஸ்பிரிங்கின் மேல் பேயாட்டம் ஆடி, தண்ணீர்க் குழாயைப் பிய்த்து எறிந்தது. ஆறு பெண்களும் மேசைமேல் ஏறிக்கொண்டார்கள். கோடுவின் கணக்குத் தாள் தண்ணீரில் மிதந்து போனது. அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "விடுடா தம்பி. என் தலையெழுத்து" என்றாள். அவள் அப்படிப் பேசி அவன் கேட்டதே இல்லை.

"கனம் பத்தலண்ணே. அடியில பெருசா ஒரு பாரம் வேணும்" என்றாள் கோடு, நனைந்த முடியைப் பிழிந்துகொண்டே. மெஷினுக்கு அடியில், மெஷினைவிட கனமாக ஒரு கான்கிரீட் கட்டி வார்த்தார்கள். அது காயும் வரை ஆஸ்பத்திரி விரிப்புகளை அக்காவும் பெண்களும் கையால் முறுக்கிப் பிழிந்தார்கள். சுத்தியல் விடுப்பு போட்டுவிட்டு மறுமுனையைப் பிடித்தான். கட்டி காய்ந்ததும் அதை ஸ்பிரிங்கின் மேல் ஏற்றி, அதன் மேல் மெஷினை இறுக்கினார்கள்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். மெஷின் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டுச் சமாளித்துக்கொண்டு சுற்றியது. சுத்தியல் தரையில் மண்டியிட்டு உள்ளங்கையை வைத்தான். போனில் கோடுவின் குரல் கேட்டது. "எப்பண்ணே போடுவீங்க? நான் பாத்துக்கிட்டே இருக்கேன், ஒண்ணும் வரலியே."

"போட்டு ரொம்ப நேரமாச்சும்மா" என்றான் சுத்தியல்.

கேட்கும் பருவம் சொன்ன நாளில் தொடங்கியது. ஆனால் அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. அவன் தலையைக் கண்டதும் மெஷினை நிறுத்துவதை அவள் விடவே இல்லை. "எதுக்கு வம்பு? நீ சாப்பிடற நேரமாவது அந்த நட்சத்திரங்களுக்கும் நிம்மதி" என்பாள். அவனும் பழைய பழக்கத்தை மாற்ற முடியாமல் அமைதியில் சாப்பிட்டுவிட்டு வருவான்.

ஒரு நாள் காலை கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஏதோ சட்டென்று ஏறி மறைந்தது. தாழ்வாகத் தொடங்கி விர்ரென்று உச்சிக்குப் போய் முடிந்த ஒரு சின்னக் கீற்று, கண் சிமிட்டும் நேரம்தான். கோடு எழுந்து நின்றுவிட்டாள். தொலைதூர நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது, அங்கேயும் அதே கீற்று. யாரும் கைதட்டவில்லை. இந்த மாதிரி நேரத்தில் முதலில் சந்தேகப்படவேண்டும் என்பதுதான் அங்கே பழக்கம். மேடம் ஒவ்வொரு பிரிவாகக் கேட்டுக்கொண்டே வந்தார். லேசர் சரி. கண்ணாடிகள் சரி. மின்சாரம் சரி.

"தரை?" என்று சுத்தியலைப் பார்த்தார். "பிழியற மெஷினும் வேகம் எடுக்கும்போது தாழ்வாத் தொடங்கித்தானே ஏறும்? கேட்டுடுங்க."

சுத்தியல் போனை எடுத்தான். மறுமுனையில் ஒரே இரைச்சல், அதற்கு மேலே அக்காவின் குரல்.

"அக்கா, மெஷின் ஓடுதா?"

"ஓடுதுடா. காலையிலேர்ந்து நிக்காம ஓடுது, நிறைய விரிப்பு வந்துடுச்சு. ஏண்டா? கெடுத்துட்டேனா? இரு, நிறுத்தறேன், இதோ நிறுத்திட்டேன்..."

"நிறுத்தாத! அப்படியே ஓடட்டும்க்கா, தொடாத."

கோடு தரையின் வரைபடத்தைப் பெரிதாக்கினாள். மெஷின் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்த அந்த நிமிஷத்தில் தரை துடைத்துவைத்த மாதிரி இருந்தது. மேடு இருந்த இடத்தில் ஒரு பொட்டுகூட இல்லை. சுத்தியல் அதை இரண்டு தடவை பார்த்தான்.

"தரை சரி மேடம்" என்றான். மேடம் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

போன் இன்னும் காதிலேயே இருந்தது. "டேய், என்னடா ஆச்சு? சொல்லித் தொலையேன்!"

சரிபார்த்து முடியும் வரை மாதக்கணக்கில் வெளியே மூச்சுவிடக்கூடாது என்பது நிலையத்தின் சட்டம். மேடம் அவனைப் பார்த்தார், பிறகு வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அக்கா, ரெண்டு முட்டிக்கிச்சுக்கா. கேட்டுடுச்சு."

"என்னது? இங்க சத்தத்துல ஒண்ணும் கேக்கல!"

"முட்டிக்கிட்டது கேட்டுடுச்சு!" என்று சுத்தியல் கத்தினான். வாழ்நாளில் அந்த அறைக்குள் அவன் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"நான் மெஷினை ஓட்டிக்கிட்டு இருக்கும்போதா?"

"நீ ஓட்டிக்கிட்டு இருக்கும்போதுதான்."

மறுமுனையில் அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்புறம் மெஷினையும் மீறிக்கொண்டு, ஆறு பெண்களுக்கும் கேட்கும்படி அவள் போட்ட கூச்சலில், சட்டம் அந்த நிமிஷமே காற்றில் பறந்தது.

அன்றைக்கு மதியம் அவன் போனபோது ஒரு பெண் வழக்கம்போல் மெஷினை நிறுத்த ஓடினாள். அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். சுத்தியல் தலையசைத்துவிட்டு உட்கார்ந்து தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். இரைச்சலில் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காமல், இரண்டு பேரும் கத்திக் கத்திப் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள்.